தீர்மானம் எண் நான்கு

நடக்காத கூட்டங்களுக்கு
நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது என் வேலை.
அஞ்சாம் அளவுகோல், பதினோராம் கோப்பு:
குறைதீர்க் குழு.
ஐந்து வருடத்துக்குப் பதினைந்து கூட்டம் வேண்டுமென்றார்
ஒருங்கிணைப்பாளர் தனக்கோட்டி சார்.
கையில் இருந்தது பத்து நாள்.

முதலில் பழைய காலண்டர்களைத் தேடினேன்.
ஞாயிற்றுக்கிழமையில் கூட்டம் போட்டுவிடக் கூடாதே.
கோட்டை மாரியம்மன் பண்டிகைக்குச்
சேலமே லீவு விடும் ஆடிப் புதனிலும் கூடாது.
எல்லாரும் எல்லாக் கூட்டத்துக்கும் வந்தால்
சந்தேகம் வரும் என்று
ஆபீஸ் மாதேஸ்வரனுக்கு நான்கு முறை காய்ச்சல் கொடுத்தேன்.
"ஒண்ணாவது டெங்குவா இருக்கட்டும் மேடம்,
ஒரு கௌரவம்" என்றார்.
கொடுத்தேன்.

மூன்று நிறத்தில் பேனா.
பழைய வருடங்களுக்குத் தேய்ந்த ரீஃபில்.
டீ டம்ளரின் அடியை
ஒரு பக்கத்தில் வட்டமாக ஒற்றி எடுத்தபோது
நானே நம்ப ஆரம்பித்திருந்தேன்.

ஜன்னலுக்கு வெளியே
ஏற்காடு போகும் வண்டிகளின் வெளிச்சம்
வளைவுக்கு வளைவு மறைந்து முளைத்தது.
கீழே, நாமக்கல்லில் இருந்து இரவல் வந்த கருவிக்கு
எங்கள் கல்லூரி எண்ணை ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.
பசை காயவில்லை.

பன்னிரண்டாம் கூட்டம் எழுதும்போது
இரவு ஒன்றரை.
குடிநீர், மின்விசிறி, கேன்டீன் சாம்பார்,
ஓமலூர் பஸ் வரும் நேரம்.
குறைகள் தீர்ந்துபோயிருந்தன.
எழுத இன்னும் ஒன்று வேண்டும்.
அப்போதுதான் எழுதினேன்.

தீர்மானம் எண் நான்கு:
கௌரவ விரிவுரையாளர் ஒருவருக்கு
ஏழு மாதச் சம்பளம் வரவில்லை என்ற மனு
பரிசீலிக்கப்பட்டது.
உடனே வழங்க ஏகமனதாக முடிவாகி
வழங்கப்பட்டது.

பெயர் போடவில்லை.
ஏழு மாதம் வரைக்கும் பொய் இல்லை.

குழு வந்தது. மூன்று பேர்.
தட்டுவடை செட்டை எங்கே கடிப்பதென்று தெரியாமல்
தலைவர் பீட்ரூட்டைச் சட்டையில் சிந்திக்கொண்டார்.
ஒடிசாக்காரர் மொகந்தி எதையும் தொடவில்லை.
பதினோராம் கோப்பில் விரல் வைத்தார்.
டீக்கறையை நகத்தால் சுரண்டினார்.
கதவோரம் கோப்பு எடுத்துக் கொடுக்க நின்ற என்னிடம்
எந்தத் துறை, எத்தனை வருஷம் என்றார்.
புள்ளியியல். ஆறு.
நிரந்தரமா என்று கேட்பதற்குள்
முதல்வர் முந்திக்கொண்டார்:
"எங்க குடும்பத்துல ஒருத்தி சார்."
சரிதான்.
குடும்பத்தில் யாருக்குச் சம்பளம் கொடுக்கிறோம்.

மொகந்தி தலையாட்டினார்.
கோப்பை மூடிக்கொண்டே
"தீர்மானம் நான்குக்கு வவுச்சர் வேண்டும்,
மலைக்குக் கிளம்புவதற்கு முன்" என்றார்.

நாலு இருபதுக்கு,
படிக்கட்டடியில்,
ஜெராக்ஸ் மெஷின் பக்கத்தில்,
தனக்கோட்டி சார், அக்கவுன்டன்ட், மாதேஸ்வரன், நான்.
மூன்று வருடத்துக்கு முந்தைய தேதி போட்ட வவுச்சர்.
ரெவின்யூ ஸ்டாம்பைக்கூட ஒட்டிவிட்டார்கள்.
"சும்மா ஒரு கையெழுத்துதானேம்மா.
உனக்குத் தெரியாததா."

தெரியும்.
இந்தத் தேதிக்கு எந்த மை என்பதுகூடத் தெரியும்.
வாசலில் ஏற்காட்டுக்கு இரண்டு கார்கள்
இன்ஜினை அணைக்காமல் நின்றன.
ஹாரன் ஒருமுறை.

எங்கள் குறைதீர்க் குழு
முதன்முதலாகக் கூடியிருப்பது
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
வருகை: நால்வர்.
மாதேஸ்வரனுக்குக் காய்ச்சல் இல்லை.
அவர் என்னைப் பார்த்தார்,
பிறகு வேண்டுமென்றே மெஷினின் பிளக்கைப் பிடுங்கினார்.
"கரண்ட் இல்ல சார், கொஞ்சம் நேரமாகும்."

பேனாவை மூடிச் சட்டைப்பை இல்லாத புடவையில்
எங்கே வைப்பதென்று தெரியாமல்
கையிலேயே பிடித்துக்கொண்டு
கேட்டேன்:
ரொக்கமா, செக்கா சார்?