டாட்டுக்கு அப்புறம்

அம்மாப்பேட்டை மெயின் ரோட்டில் என் கடை.
ஆதார் திருத்தம், ஈபி பில், பட்டா நகல்.
போர்டின் ஓரத்தில் பொடி எழுத்தில்
இணையப் பெயர் பதிவு செய்து தரப்படும்.
அந்த ஓர வரியைப் படித்துவிட்டு வந்த ஒரே ஆள்
துளசிராம்.

பொன்னம்மாப்பேட்டை கேட் பக்கம்
மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர்.
விரலில் வார்னிஷ் வாடை, கக்கத்தில் ஒரு நீள நோட்டு.
உள்ளே, வீட்டில் பேசும் சௌராஷ்ட்ரச் சொற்கள்
நாலாயிரத்துச் சொச்சம்,
காப்பர் கம்பிக்குச் சுற்றுக் கணக்கு எழுதும்
அதே நீல மையில்.
"இதை நெட்டில் ஏத்தணும்.
பேருக்குப் பின்னால டாட் எஸ்ஏ."

அது சவுதிக்குப் போயிடுச்சுங்க.

"யார் குடுத்தது?"

வருஷத்துக்கு எவ்வளவு என்பார்கள்,
ஆஃபர் உண்டா என்பார்கள்.
இதை யாரும் கேட்டதில்லை.
ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

நான் ஏஜென்டுக்கு ஏஜென்ட்.
எனக்கு மேலே மும்பையில் ஒரு கம்பெனி,
அதற்கு மேலே டெல்லியில் டாட் இன்னின் பதிவேடு,
அதற்கும் மேலே அமெரிக்காவில்
வேர்ப் பட்டியலை வைத்திருக்கும் ஓர் ஆபீஸ்.
அங்கே போய்க் கேட்டால்
எது நாடு, எது இல்லை என்று
நாங்கள் சொல்வதில்லை என்பார்கள்,
இன்னொரு பட்டியலைக் கை காட்டுவார்கள்.
ஒவ்வொரு வரியிலும் இரண்டே எழுத்து.

"அதுல யாரெல்லாம் இருக்காங்க?"

மனுசரே குடியில்லாத தீவு ஒன்று இருக்கு,
பென்குவின்தான் நிறைய.
அதுக்கு டாட் எச்எம்.

சிரிப்பார் என்று நினைத்தேன்.
"எந்த ஆபீஸ்ல போய் மனு குடுத்துச்சாம்?" என்றார்,
பில் கேட்கிற முகத்தோடு.

வெளியே ஒரு லாரி ரிவர்ஸ் எடுத்தது. டிஎன் முப்பது.
"அதாவது நம்மதுதானே?"

நெட்டில் டிஎன் துனிசியா.

சேலத்து லாரி எல்லாம்
நெற்றியில் துனிசியாவை எழுதிக்கொண்டுதான்
சங்ககிரி தாண்டிப் போகிறது.

தமிழ் எழுத்திலேயே வால் இருக்குங்க என்றேன், ஆறுதலாக.
டாட் இந்தியா. டாட் இலங்கை. டாட் சிங்கப்பூர்.
"தமிழ்நாடு?"
எழுத்து மட்டும் போதாதுங்க, கொடி வேணும்.
"எங்களுக்குள்ள எழுத்துக்கே தகராறு.
கொடிக்கு எங்க போறது."

டாட் இன் வாங்கினார்.
அறுநூற்று நாற்பத்தொன்பது, ஒரு வருஷத்துக்கு.
படிவத்தில் உரிமையாளர் என்ற இடம் வந்தபோது
மொழிக்குச் சொந்தக்காரன்னு நானா, என்று தயங்கினார்.
பெயருக்கு மட்டும்தாங்க என்றேன்.
அதுவும் அடுத்த ஆடி வரைக்கும்.

கிளம்பும்போது தோன்றியதைச் சொன்னேன்.
எந்தப் பெயருக்கும் கடைசியில் ஒரு புள்ளி உண்டு.
யாரும் அடிப்பதில்லை, கம்ப்யூட்டரே வைத்துக்கொள்ளும்.
எல்லா வாலும் அதில்தான் தொங்குகிறது.

ரசீதின் பின்புறம் பேனாவால் வைத்துக் காட்டினேன்.
"இது யாரோடது?"
ஒரு ஆபீஸ் பார்த்துக்குது. சொந்தம் என்று
யார் சொன்னாலும் சண்டை வரும்.

ரசீதைக் கசங்காமல் நோட்டுக்குள் வைத்தார்.

பத்து நாள் கழித்து அந்தப் பக்கம் போனேன்.
ஷட்டரில் புதுப் பெயின்ட், பெயர், டாட் இன்,
அதற்கப்புறம் எலுமிச்சை அளவில்
ஒரு சிவப்புப் புள்ளி.

பிழை என்று பெயின்டர் அழிக்கப் போனாராம்.
வைக்கச் சொன்னதும்
அதற்குத் தனியாகப் பத்து ரூபாய் கேட்டாராம்.

"குடுத்துட்டேன்" என்றார்,
எரிந்த மோட்டார் ஒன்றைப் பிரித்துக்கொண்டே.