செவ்வாய், மாலை 4.52

ஆப்பில் இன்னும் செவ்வாய்க்கிழமை.
மாலை நான்கு ஐம்பத்திரண்டு. முப்பத்து மூன்று டிகிரி.
கீறல் விழுந்த கண்ணாடிக்கு அடியில்
மஞ்சள் சூரியன் கோழிக்குஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

இன்று வியாழன். காலை ஆறரை.
மின்னாம்பள்ளி மில்லில், சிமெண்ட் களத்தின் ஓரம்,
பலகைகளைப் பிடித்துக்கொண்டு ஏழு பேர்
என் கட்டைவிரலைப் பார்த்தபடி நிற்கிறார்கள்.

வறுத்த ஜவ்வரிசி கொட்டகையில் ஈரத்தோடு கிடக்கிறது,
நாற்பது மூட்டைக்கு மேல்.
காயப் போடலாமா என்று சொல்லவேண்டியவள் நான்.
போட்டபின் தூறினால் கட்டி பிடிக்கும், வெள்ளை மங்கும்,
ஏலத்தில் இரண்டாம் ரகம் என்று ஒரு விரல் ஒதுக்கிவிடும்.
போடாமல் விட்டால் புளிக்கும்.
இதற்குத்தான் முதலாளி குழந்தைவேலு
மாதம் இருநூறு கூட்டித் தருகிறார்,
நெட்டுக்கு என்று தனியாகக் கணக்கெழுதி.

திரையைக் கீழே இழுத்தேன். வளையம் சுற்றி நின்றது. செவ்வாய்.
இன்னும் அழுத்தி இழுத்தேன், அழுத்தினால் ஏதோ ஆகும் என்பதுபோல.
செவ்வாய்.
ஏரோப்ளேன் மோடில் போட்டு எடுத்தேன்.
அணைத்து, இருபது எண்ணி, திறந்தேன்.
லொகேஷன் கேட்டது. எப்போதுமா, பயன்படுத்தும்போது மட்டுமா?
எப்போதும் தாயே, எப்போதும்.
பேட்டரி சேவரை நிறுத்தினேன்.
கேஷை அழிக்கிறேன் என்றேன்.
"கேஷா? எவ்வளவு?" என்றாள் அங்காயி.

டிராக்டர் வடமலையின் போனில் மழை எழுபது சதவீதம்.
கிழங்கு லோடுக்கு வந்த பையன் போனில் பத்து.
வடக்கே ஏற்காட்டின் மேல் மேகம் இருந்தது.
அது என்றைக்கும் இருப்பது,
சாட்சிக்குக் கூப்பிட முடியாது.

ஏழரைக்கு ஆப்பையே தூக்கிவிட்டு மறுபடி இறக்கப் பார்த்தேன்.
இணைப்பு இல்லை என்றது.
எட்டுக்குச் சொன்னேன்: இன்னைக்கு வேண்டாம்.

அப்புறம் அடித்தது பாருங்கள் ஒரு வெயில்!
ஒன்பதுக்கும் அடித்தது, பன்னிரண்டுக்கும் அடித்தது.
சுவருக்கு அந்தப் பக்கம், அடுத்த மில்லில்,
பலகை இழுபடும் சத்தம் சர் சர்ரென்று.
யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
அங்காயி மட்டும், அத்தனை பெரிய வெறுங்களத்தின் நடுவில்,
தன் ஒரே ஒரு துண்டைக் காயப் போட்டாள்.

மதியம் ரசீது எழுதத் தேதி பார்த்தேன்.
போன் திங்கட்கிழமை என்றது.
போன திங்கள் இல்லை. வருகிற திங்கள்.

தன்ஷிகா.
மிட்டாய் உடைக்கிற ஆட்டத்தில் ஐந்து உயிரும் தீர்ந்தால்
அடுத்த உயிருக்கு அரைமணி நேரம் காத்திருக்கவேண்டும்.
தேதியை முன்னால் தள்ளினால் உடனே வந்துவிடும்.
ஆறாம் வகுப்பில் எல்லாருக்கும் தெரியுமாம்.
செவ்வாய் மின்தடை, நான் வீட்டில் தூங்கினேன்.
புதன் களத்தில் சரக்கில்லை, ஆப்பைத் திறக்கவில்லை.
தேதி தப்பு என்று வாட்ஸப் ஏதோ சொன்னது,
படிக்காமல் தள்ளிவிட்டேன், அதுவும் உண்மை.
நான்கு நாளைக்கு அப்பால் நிற்கிற ஒன்றிடம்
இன்றைக்கு மழையா என்று
காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

தானாகத் தேதி எடு. ஒரே ஒரு தட்டு.
போன் வியாழனுக்குத் திரும்பி வந்தது.
மூச்சு வாங்கியது. ஆப்பும் இறங்கியது.
மாலை ஆறு முதல் மழை. வெள்ளி மழை. சனி மழை.
ஞாயிறு மேகத்தில் ஒரு மின்னல் கோடு.
திங்கள் பாதிச் சூரியன்.

ஆறு ஐந்துக்குத் தகரத்தில் முதல் துளி.
ஏழு மணிக்குத் தன்ஷிகா விளையாட்டைத் திறந்தாள்.
உயிர் பூஜ்யம்.
அடுத்த உயிருக்குத் தொண்ணூற்றிரண்டு மணி நேரம்.
பின்னால் வந்தவர்களுக்கு அந்த ஆட்டம் வைத்திருக்கிற தண்டனை.
ஏதோ நான் திருடிவிட்டதுபோல என்னைப் பார்த்தாள்.
திட்ட நினைத்து வைத்திருந்ததெல்லாம்
வாய்க்குள்ளேயே நமத்துப்போனது.

முதலாளி கூப்பிட்டார். நாளைக்கு எப்படி?

மழைங்க.

ஆப்பு சரியாயிருச்சா?

சரியாயிருச்சுங்க.