பதின்மூன்றாவது

பெட்டியின் மேல் எழுதியிருந்தது:
பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு.
சிக்னிக்கு ஒன்பதரை. எனக்கு நாற்பத்து நான்கு.

அக்டோபர். சுப்பீரியர் ஏரிக்கரையில்
கையுறை கழற்றிப் பொறுக்கியவை பன்னிரண்டு:
ஏழு அகேட், மூன்று ஜாஸ்பர்,
பெயர் தெரியாத கறுப்பு ஒன்று,
நனைந்திருந்தபோது மட்டும் அழகாயிருந்த ஒன்று.
நோட்டில் குறித்துக்கொண்டேன்.
ரப்பர் பீப்பாய்க்குள் கல், அதன்மேல்
நான்கு கரண்டி கரகரப்புத் தூள்,
கல் மூழ்கியும் மூழ்காத அளவுக்குத் தண்ணீர்.
மூடியைத் திருகிச் சுவிட்சைப் போட்டதும்
"எப்போ ஆகும்?" என்றாள்.
நாலு வாரம்.
அவள் பார்த்த பார்வையில்
நான்தான் எதையோ கெடுத்துவிட்டிருந்தேன்.

எறும்பு ஊரக் கல்லும் தேயும்.
எறும்பு சத்தம் போடாது.
இது போடும்.
அவள் அறையில் ஓர் இரவு, சமையலறையில் இரண்டு,
பிறகு நிலவறை. அங்கிருந்தும்
யாரோ விடிய விடியப் பல் தேய்ப்பதுபோல் கேட்கிறது
என்றாள் கொரின்.
கடைசியில் கார் கொட்டகையில்,
மீன் பிடிக்கப் போகையில் பீர் வைக்கும் பெட்டிக்குள்,
மோட்டார் மூச்சுவிட மூடியைச் சாய்த்து வைத்து.

ஏழாம் நாள் திறந்தேன்.
சாம்பல் குழம்பு. மேலே நுரை.
கொஞ்சம் இளஞ்சிவப்பு ஓடியிருந்தது.
அகேட்டின் இரும்பு என்று நினைத்தேன்,
அப்படி நினைக்குமளவுக்குப் படித்திருந்தேன்.
குழம்பைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினேன்.
அதைப் படித்திருக்கவில்லை.

குழாய் வேலைக்கு ஆஸ்ட்பி வந்தார்.
வளைகுழாயைக் கழற்றி
உள்ளே இறுகியிருந்த கட்டியைத் தட்டி எடுத்து
என் உள்ளங்கையில் வைத்து,
"எந்தத் தூள், அறுபதா எண்பதா?" என்றார்.
அவர் வீட்டில் மூன்று பீப்பாய் ஓடுகிறதாம்.
கூலியில் ஒரு டாலர்கூடக் குறைக்கவில்லை.
போகும்போது சட்டைப்பையிலிருந்து ஒன்றை எடுத்தார்,
தரவில்லை, காட்டினார்:
வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல் வரி வரியாய்,
உள்ளே யாரோ விளக்கை அணைக்க மறந்ததுபோல் சிவப்பு.
அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை.

இரண்டாம் தூள். மூன்றாம் தூள்.
ஒவ்வொரு முறையும் பழைய பிரஷால்
இடுக்கு இடுக்காகக் கழுவினேன்.
முந்தைய தூளில் ஒரு துகள் தங்கினாலும்
புது மினுக்கில் கீறல் விழும்.
துறைமுகத்தில் எட்டு மணி நேரம்
கப்பல் கப்பலாய் இரும்புத்தாது ஏற்றிவிட்டு வந்து
ஒரு கைப்பிடிக் கல்லுக்கு நான் படும் பாட்டை
கொரின் தன் தங்கையிடம் போனில் சொல்லிச் சிரித்தாள்.

முப்பத்தோராம் நாள்
துண்டில் பரப்பினேன்.
காய்ந்தும் நனைந்தே இருந்தன.
பன்னிரண்டு போட்டேன், பன்னிரண்டும் வந்தன.
பெயர் தெரியாத கறுப்பு மட்டும்
பிடிவாதமாய் மங்கியே கிடந்தது.

சிக்னி எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.
"என்னோடது எங்கே?"
"எல்லாம் உன்னோடதுதான்."
"பதிமூணாவது."

நான் தூள் அளந்துகொண்டிருந்த நேரத்தில்
உள்ளே போட்டிருக்கிறாள்:
நடைபாதையில் படம் போடும் சாக்கட்டி,
ரோஸ் நிறம், கட்டைவிரல் நீளம்.
சாக்கட்டி பளபளத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க.

கொட்டகை அலமாரியில்தான் இருந்தது,
குழாயின் வளைவிலேயே வளைந்த அந்தக் கட்டி,
ஆஸ்ட்பிக்குக் கொடுத்த பணத்துக்கு ரசீதாக.
எடுத்துக் கொடுத்தேன்.
முகர்ந்தாள். குந்தி உட்கார்ந்து
சிமென்ட் தரையில் உரசினாள்.
சாம்பலும் ரோஸுமாய் ஒரு கோடு
உதிர்ந்து உதிர்ந்து விழுந்தது.
பிறகு ஏழு அகேட்டில் எது சிறந்ததோ
அதை எடுத்துப் பக்கத்திலேயே இழுத்தாள்.
ஒன்றுமில்லை.
"இது எழுதல" என்று
என்னிடம் திருப்பித் தந்துவிட்டு
தன் கோட்டை நீட்டிக்கொண்டே
கதவுக்கு வெளியே, பனி தொடங்கும் இடம்வரை போனாள்.

கல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.