சாம்பல் சாவி

தண்டையார்பேட்டை மண்டபம். ரிசப்ஷன்.
வெள்ளை வண்டிக்காரர்
கறுப்புச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டு
சாம்பல் சாவியை என் கையில் வைத்தார்.
"இதுல முப்பதுக்கு மேல போவாது.
டிக்கியும் திறக்காது."

சரிங்க சார்.

பகலில் நான் எண்ணூர் ரோட்டில்
நாற்பதடி கண்டெய்னர் ஓட்டுகிறவன்.
அதற்கு ஒரே சாவி,
சணல் கயிற்றில் தொங்கும்.

பார்க்கிங் இருநூறடி தூரம்.
பத்தே தாராளம்.
ஆனாலும் கால் ஒருதரம் அழுத்திப் பார்த்தது.
டிங் டிங் என்று
வண்டி என்னைக் காட்டிக்கொடுத்தது.

பந்தி முடிந்து அவர் பையன் மட்டும் வந்தான்.
மீசை இப்போதுதான்.
"அந்தச் சாம்பல் சாவிதாண்ணா.
எனக்கும் அதான்."

என் வியர்வை காயாமலே கொடுத்தேன்.

போய்விட்டான்.
திருப்பத்தில் ஏர்ஹாரன் அலறுகிறது,
நிறுத்தாமல்.
நம்ம கண்டெய்னர்க்காரன் எவனோ
அவன் பின்னால் மாட்டிக்கொண்டான்.