கிளெய்முக்குப் பின்னால் வரும் சொல்

கச்சேரிக்குக் கிட்ட, போட்டோக்கொப்பிக் கடையில்
பாதியை வாடகைக்கு எடுத்திருக்கிறேன்.
ஒரு மேசை, ஒரு மடிகணினி, கையெழுத்தில் ஒரு மட்டை:
மொழிபெயர்ப்பு, சத்தியக்கடதாசி,
அவசரமென்றால் இருமடங்கு.

மூதூர்ப் படகில் முதல் ஆளாய் இறங்கி வந்த
புவிராசசிங்கம்
பொலித்தீன் பையைத் தலைகீழாய்க் கொட்டுகிறார்.
கறையான் மூலை தின்ற அனுமதிப்பத்திரம்.
கம்பிவேலிக்கு வெளியே நின்று எடுத்த
தன் கிணற்றின் படம்.

கிளெய்ம் என்று தட்டிவிட்டு நிற்கிறேன்.
பக்கத்தில் கேர்சர் துடிக்கிறது.
ஃபோர் போட்டால் காசு கேட்கிறார் என்றாகும்.
எகெய்ன்ஸ்ட் போட்டால் வழக்கு,
அதுவும் யாரோடு!
ஒன் போட்டால் ஏதோ கடன் பாக்கி மாதிரி.
டூ.
டூ போட்டால்தான் காணி.

போன வருடம் ஜெயசோதிக்கு ஃபோர் போட்டேன்.
அவசர வேலை, இருமடங்கு வாங்கினேன்.
எட்டு மாதத்தில் காசோலை வந்தது,
'முற்றாகத் தீர்க்கப்பட்டது' என்ற கடிதத்தோடு.
நன்றி சொல்ல ஒரு சீப்புக் கதலி கொண்டு வந்தாள்.
நான் இரண்டு தின்றேன்.

அதனால் இவரை வாயாலே சொல்ல வைத்தேன்.
"ஐயா, என்ன வேணும் உங்களுக்கு?"
"என்ர காணிக்குப் போகோணும், பிள்ளை."

அந்தக் கு
காணியைப் பிடித்தபடியே வந்தது,
பாறையில் சிப்பி போல.
கத்தி வைத்தாலும் ஓடுதான் உடையும்.

எங்கள் கு எதையும் சுமக்கும்.
பிள்ளைக்குக் கொடுத்த பாலையும்
பாம்புக்குப் பகையான கீரியையும்
கூலிக்கு இழுத்த வலையையும்.
கொடையையும் பகையையும் ஓரெழுத்தில் கட்டிவிட்டு
அதற்கு வேற்றுமை என்று பேர் வைத்தவர்கள் நாங்கள்.
இங்கிலீஷில் ஒவ்வொன்றுக்கும் ஒரு யன்னல்.
மாறி நின்றால்
மத்தியானம் வரைக்கும் நின்ற வரிசை வீண்.

டூ போட்டேன். அச்செடுத்தேன்.
பிழைபோன தாளொன்று காற்றில் பறக்க
வாசலில் நின்ற புள்ளிமான்
அதைக் கிளெய்மோடு சேர்த்து மென்றது.
புவிராசசிங்கம் சிரித்தார்,
வந்ததிலிருந்து முதல்தடவை.

இன்னுமொரு பெட்டி மிச்சம்:
காணியில் இல்லாதிருந்த காலம்.
எப்சென்ஸ். அதற்குப் பின்னால் ஃப்ரொம்.
அதில் சந்தேகமில்லை, மனப்பாடம்.
"என்ன எழுதினீங்கள்?" என்றார்.
"காணியிலிருந்து" என்று தமிழில் தொடங்கி
அதற்கு மேல் சொல்ல வரவில்லை.

"ஓம்," என்றார் அவர்,
பத்திரங்களைப் பைக்குள் அடுக்கியபடி.
"காணியில இருந்துதான்.
நாப்பது வருசம் இருந்து."