இரண்டாம் வெட்டு

சாட்சிப்பொருள் எண் நான்கு:
பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு காதுகள்.
குளிர்பெட்டியிலிருந்து எடுத்துவந்து
மேசைமேல் வைத்தார் காவலர்.
பனிமானுக்குக் காதுதான் பத்திரம்.
யாருடையது என்பதை
பிறந்த கோடையிலேயே கத்தி எழுதிவிடும்.

எனக்குச் சம்பளம் மணிக்கணக்கில்.
சாமி மொழியிலிருந்து நார்வேஜியனுக்கு,
அங்கிருந்து திரும்ப இங்கே.

யோவ்ன்னாவுக்கு நார்வேஜியன் தண்ணீர்பட்ட பாடு.
இடைவேளையில் அதில்தான்
காபிக்குச் சர்க்கரை கேட்டார்.
விசாரணை நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துவிட்டார்.
அது அவர் உரிமை, சட்டத்தில் இருக்கிறது.
நான் வாய் திறந்து மூடும் நேரத்தில்
அடுத்த பதிலைச் சீவிக்கொள்கிறார்.
அவர் அப்பாவுக்கு அந்த உரிமை இல்லை.
தலையாட்டினார், அபராதம் கட்டினார்.

குறியைச் சொல்லச் சொன்னார்கள்.
ஒரே மூச்சில் ஐந்து சொல் சொன்னார்.
நான் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்:
இடக் காதின் நுனியிலிருந்து உள்நோக்கிச் சாய்வாக,
பின்விளிம்பில் முக்கோணமாக ஒரு கொத்து,
அதன் கீழே இன்னொன்று, சிறியது,
இல்லை, அவ்வளவு சிறியதும் இல்லை...
தட்டச்சு செய்பவர் நிமிர்ந்து பார்த்தார்
ஏதோ நான் கூட்டிச் சொல்வதுபோல.

பிறகு ரிஸ்தீனா, அவருடைய சித்தப்பா மகள்,
புகார் கொடுத்தவர்.
காதும் காதும் வைத்ததுபோல்
மலையிலேயே முடிந்திருக்க வேண்டியது.
காதுகளே இங்கு வந்துவிட்டன.
உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து
ஒரு வினைச்சொல் சொன்னார்.
ஒன்றே ஒன்று.

பழைய வெட்டின்மேல் புதிய வெட்டு விழுவதை
எங்கள் மொழி அந்தச் சொல்லில் வைத்திருக்கிறது.
விலைக்கு வாங்கினால் அப்படி வெட்டலாம்.
திருடினாலும் அப்படித்தான்.
எதிர்க்கரை மொழியில் எனக்கு இரண்டு கதவு:
திருத்தினார்.
திரித்தார்.

"என்ன சொன்னார்?" என்றார் நீதிபதி.

ஜன்னலுக்கு வெளியே தெயட்னு ஆற்றின் பனியில்
மார்ச் வெயில் பட்டுக் கண் கூசியது.
என் அண்ணன் மந்தையும் அந்த மலையில்தான் மேய்கிறது.
யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

"கத்தி இரண்டு முறை வந்திருக்கிறது என்கிறார்.
ஏன் வந்தது என்று
அந்தச் சொல்லுக்குத் தெரியாது."

தட்டச்சு நின்றது.
யோவ்ன்னா முதன்முறையாக என்னைப் பார்த்தார்,
ரிஸ்தீனாவும்.
இருவருக்கும் ஒரே கண்கள்.

உறைக்குள் காதுகள் இளகி
மேசையில் நீர் கசிந்திருந்தது.
காவலர் தன் கைக்குட்டையால் துடைத்தார்.
மீதி நாளைக்கு, பத்து மணிக்கு.