இரண்டு குப்பி, ஒரு கிண்ணம்

சூதுரோய் தீவிலிருந்து இரண்டு மணி நேரக் கப்பல்.
இறங்கும்போதே காற்று ஒருத்தியின் தொப்பியைக் கொண்டுபோயிற்று.
மற்றவள் தன் தொப்பியையும் கழற்றிப்
பைக்குள் வைத்துக்கொண்டாள்.
அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

பெர்க்தோரா, எண் 063.
துருத்தா, எண் 064.
எழுபத்தோரு வயது, பதினேழு நிமிட இடைவெளி.
முப்பத்தெட்டு வருடம் ஒரே மேசையின் இருபுறம் நின்று
மீன் வகிர்ந்தவர்கள்.
அன்று குனிந்த கழுத்து இன்னும் நிமிரவில்லை.

என்னுடையது சின்ன வேலை.
செருப்பைக் கழற்றச் சொல்வேன்.
குதிகாலைச் சுவரோடு ஒட்டச் சொல்வேன்.
மூச்சை இழுத்து நிறுத்துங்கள் என்பேன்.
உச்சந்தலையில் பலகை இறங்கும்.
முதுகெலும்பு உள்ளுக்குள் நொறுங்குவது
பல பேருக்கு வலிப்பதே இல்லை.
ஒருநாள் அலமாரியின் மேல்தட்டு எட்டாது, அவ்வளவுதான்.
யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்று
வீட்டில் சண்டை பிடிப்பார்கள்.

ஒரு குப்பியில் மருந்து, மற்றதில் வெறும் மாவு.
இரண்டும் வெள்ளை, இரண்டும் ஒரே கசப்பு.
யாருக்கு எது என்று எனக்குத் தெரியாது,
மருத்துவருக்கும் தெரியாது.
கோபன்ஹேகனில் பூட்டிக் கிடக்கும் ஒரு கோப்புக்குத் தெரியும்.
இதற்கு இரட்டைக் குருட்டு ஆய்வு என்று பெயர் என்றேன்.
துருத்தா சிரித்தாள்.
இரண்டு வருடமாக அவள் பார்வையின் நடுவில்
ஒரு சாம்பல் வட்டம்.
யாரைப் பார்த்தாலும் முகம் இருக்குமிடத்தில் புகை,
காதும் தோளும் மட்டும் மிச்சம்.
"இரட்டையில் ஒருத்திக்குத்தானே குருடு,
பாதி என்று எழுதிக்கொள்" என்றாள்.

பதினெட்டாம் மாதம்.
மிஞ்சிய மாத்திரையை எண்ணுவதும் நான்தான்.
063-இல் பதினொன்று.
064-இல் பதினொன்று.
போன முறை ஏழு, ஏழு.
மறதி இப்படி ஜோடி போட்டுக்கொண்டு வராது.

கேட்டேன்.
பெர்க்தோரா எதையும் ஒளிக்கவில்லை.
குப்பியின் எண் துருத்தாவுக்குத் தெரிவதில்லையாம்,
முதல் வாரமே தெரியாமல் கலந்துபோயிற்றாம்.
பிறகு தெரிந்தே கலந்தார்கள்:
வெண்ணெய் வைக்கிற நீலக் கிண்ணத்தில்
இரண்டையும் கொட்டிக் குலுக்கி
காலையில் ஆளுக்கொன்று.
கப்பலேறும் முன் மிச்சத்தை எண்ணிச்
சரிபாதியாகக் குப்பிகளில் போட்டு மூடியிருக்கிறார்கள்.
"மருந்து ஒருத்திக்குத்தான் இருக்கும் என்று நீதான் சொன்னாய்.
எங்கள் வீட்டில் அப்படி வழக்கம் கிடையாது."

மீறல் படிவம், இரண்டு பக்கம்.
பேனா எழுதியது, நான் எழுதவில்லை என்று
சொல்லிக்கொள்ளப் பார்த்தேன்.
அரை மருந்தும் அரை மாவும் தின்றவர்களுக்கு
எந்தப் பட்டியலிலும் நிரல் இல்லை.
ஆய்விலிருந்து இரண்டு எண்களும் போய்விடும்.
கோப்பைத் திறக்கும் நாளிலும்
இவர்கள் பெயருக்கு எதிரே ஒரு கோடுதான் இருக்கும்.

இருந்தாலும் வந்தவர்களை அளக்காமல் அனுப்ப முடியுமா?
பெர்க்தோரா இரண்டு மில்லிமீட்டர் குறைந்திருந்தாள்.
துருத்தா பதினேழு.
பலகையைத் தூக்கி மறுபடி இறக்கினேன்.
பதினேழு.
ஒரே கிண்ணம்தான். எலும்புக்கு அது தெரியவில்லை.
பெர்க்தோரா அளவுகோலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
சத்தமில்லாமல் இரண்டு விரலைக் காட்டினாள்.

"எவ்வளவு?" என்றாள் துருத்தா,
என் காதை நோக்கி.

படிவத்தில் பதினேழு இருக்கிறது.
வாயால் சொன்னதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மிஞ்சிய மாத்திரைகளைத் திருப்பித் தர வேண்டும் என்றேன்.
முணுமுணுத்தபடி மேசைமேல் கொட்டினார்கள்.
மாலைக் கப்பல் போன பிறகு
பையில் போட்டு ஒட்டும் முன் எண்ணினேன்.
இருபது.
இன்னொரு முறை எண்ணினேன்.